நான்கு மணி நேரப் பட்டினி

ராதாகிருஷ்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, ரயில்வேயில் முப்பது வருடம் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வட்டாரத்தில் அந்த வயதுத் தமிழர் ஒருவருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை என்றால் அவரைக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார வைத்து டிக்கெட் போட்டுக் காட்டலாம். தான் அப்படிப்பட்ட அபூர்வப் பிறவி என்பது பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது குப்பி இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை என்றாலும், தன் சொந்தச் சாதனையாகவே எடுத்துக்கொண்டார்.

இரத்தம் கொடுத்தது மனைவி தனலெட்சுமிக்காக. தனத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். கையில் ஊசி ஏற்றுவதற்காகச் செய்து வைத்த இரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டு, இப்போது கழுத்தில் குழாய் தொங்குகிறது. அது எத்தனை நாளைக்கு ஓடும் என்று கேட்டால் நர்ஸ்கள் பேச்சை மாற்றினார்கள். தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தபோது, "என் கிட்னில ஒண்ண நான் தரேன்" என்று ராதாகிருஷ்ணன் அறிவித்தார். எல்லோரும் முறுக்கு மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். சோதித்ததில் பொருந்தியும் விட்டது.

ஆனால் அறுவை மருத்துவர், மகள் வயதிருக்கும் பெண், வயிற்றின் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கிட்னி ரெண்டும் ஏ ஒன் அங்கிள். அத சுத்தி இருக்கறதுதான் பிரச்சினை."

தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தார். அவர் உயரத்துக்கு எண்பத்து நாலுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பார்களாம். ஆறு மாதம் தவணை. அதற்குள் வராவிட்டால் தனம் மீண்டும் பெயர் தெரியாத யாரோ ஒருவரின் மரணத்துக்குக் காத்திருக்கும் வரிசைக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் பத்து வருடம் நின்றவர்களும் உண்டு. தனத்தின் கழுத்துக் குழாய்க்குப் பத்து வருடம் கிடையாது.

அன்று மாலையே ராதாகிருஷ்ணன் எண்ணெய் மீது போர் அறிவித்தார். ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது கலோரி, மாவிலும் சீனியிலும் நாலுதான் என்று வாட்சாப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். எதிரி யார் என்று தெரிந்துவிட்டால் சண்டை சுலபம். வீட்டில் இருந்த இரண்டு பாட்டில் சமையல் எண்ணெயையும் பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்தார். கோழியின் தோலை அவரே உட்கார்ந்து உரித்தார். கோயில் அன்னதானத்தில் இலையில் விழுந்த வடையை டிஷ்யூவில் சுருட்டி, துணி பிழிகிற மாதிரி பிழிந்து, கண்ணாடியாகிப்போன டிஷ்யூவைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். காலை நாலு மணிக்கு எழுந்து அந்த வடையைச் சுட்ட அம்மாள் அதற்குப் பிறகு அவர் பக்கம் வாளியைக் கொண்டு வரவே இல்லை.

எண்ணெய் போன இடத்தில் என்ன வந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. தாளிக்காத குழம்பு நாக்கிலும் நிற்கவில்லை, வயிற்றிலும் நிற்கவில்லை. அதனால் இன்னொரு கரண்டி சோறு. எண்ணெய் தடவாத தோசை என்பதால் நாலுக்குப் பதில் ஆறு. பாக்கெட்டில் கொழுப்பு இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பிஸ்கட்டை, கொழுப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முழுப் பாக்கெட்டும் சாப்பிட்டார். எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் மனிதன் சாப்பிடக்கூடிய அளவு எவ்வளவு என்று அந்த நாட்களில் யாராவது அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரித் தராசு தொண்ணூற்றொன்று புள்ளி நாலு என்றது.

"தராசு சரியில்ல" என்றார்.

இதை அவர் சொன்னது சபாபதியிடம். சபாபதி சாலாக் செலாத்தானில் குடியிருப்பவர். தெலுக் பங்லிமா காராங்கில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கும் தனத்துக்கும் ஒரே நேரத்தில் டயாலிசிஸ். நண்பருக்கு ஒன்றென்றால் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பதால், ராதாகிருஷ்ணனை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இரும்பு நிறுக்கிற தராசிலேயே நிறுத்தினார். அது தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"சட்டைப் பையில போன் இருக்கு" என்றார் ராதாகிருஷ்ணன்.

"போன் அரைக் கிலோவா இருக்கும்? போன வாரந்தான் எடை ஆபீஸ்ல இருந்து வந்து சீல் வச்சிட்டுப் போனாங்கண்ணே. ஆஸ்பத்திரி தராசு உங்களுக்குக் கொஞ்சம் சலுகை குடுத்திருக்கு."

இனி அந்த டயாலிசிஸ் நாட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிகிச்சை மையம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. கீழே மாமாக் கடை, ரொட்டியும் டீயும் விற்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. மேலே மனைவிமார்கள் நான்கு மணி நேரம் மெஷினில் கிடக்க, கீழே கணவன்மார்கள் ஒரு மேசையைப் பிடித்துக் காத்திருப்பார்கள். அந்த மேசைக்கு ஒரு தர்மம் உண்டு. யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. ஆனால் புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பெண்டாட்டி மேலே இரத்தத்தை வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும்போது, புருஷன் கீழே ரொட்டி சானாயைக் கறியில் முக்கிச் சாப்பிடுவது மனிதத்தன்மை இல்லை. ஆகவே நான்கு மணி நேரமும் பட்டினி. ஒரு முறை செராஸிலிருந்து வருகிற பாலன் பசி தாங்காமல் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றை வாங்கிக் கடித்தபோது, மேசையே எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டது.

பட்டினி என்றால் டீ உண்டு. கடையில் சும்மா உட்கார முடியாதல்லவா.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த நிலானி என்ற பெண், சாப்பிடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். முப்பது வருடம் ரயில்கள் வந்ததையும் போனதையும் நிமிடம் பிசகாமல் எழுதிய கை அது. நேரம் போட்டு, அளவு போட்டு, அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தார். மனசாட்சி உறுத்தி, அந்த ஆறு தோசையைக்கூட ஆறு என்றே எழுதினார். சாப்பிட்டதில் ஒரு பருக்கை மறைக்கவில்லை. நிலானி அதைப் பார்த்துத் தோசையைக் குறைத்தாள், பிஸ்கட்டை நிறுத்தினாள். அவரும் கேட்டு நடந்தார். அடுத்த மாதம் எடை தொண்ணூற்றொன்று புள்ளி ஒன்று.

நிலானி நோட்டை மறுபடியும் புரட்டினாள். திங்கள், புதன், வெள்ளி, பதினொன்று முதல் மூன்று வரை என்று போட்டு எதிரே 'பட்டினி' என்று எழுதியிருந்தது.

"மூணு நாளும் மத்தியானம் ஒண்ணுமே சாப்பிடறதில்லையா அங்கிள்?"

"வைஃப் மேல மெஷின்ல கிடக்கா மிஸ். நமக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

நிலானி சிறு வயசுப் பெண். கண் கலங்கிவிட்டது. காகிதத்தில் இருந்த கணக்குப்படி இந்த மனிதர் இந்நேரம் எண்பத்தைந்துக்கு வந்திருக்க வேண்டும். வராததால் தைராய்டு கோளாறாக இருக்கலாம் என்று இன்னொரு குப்பி இரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தாள். தைராய்டும் ஏ ஒன் என்று வந்தது. நல்லவனுக்குத்தான் சோதனை மேல் சோதனை என்று ராதாகிருஷ்ணன் சபாபதியிடம் சொல்லிக்கொண்டார், நுரை ததும்பும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு.

அதற்கடுத்த புதன்கிழமை மூன்றாவது மணி நேரத்திலேயே தனத்துக்கு இரத்த அழுத்தம் இறங்கிப்போனது. நர்ஸ்கள் மெஷினை நிறுத்தி, அரை மணி நேரம் படுக்க வைத்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கணவருக்குப் போன் செய்து பதற வைப்பானேன் என்று அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத் தானே இறங்கி வந்தாள். மாமாக் கடையில் கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கிளாஸ்.

திரும்பி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பதற்றத்தில் முதலில் வாயில் வந்தது இதுதான்.

"நான் ஒண்ணும் சாப்பிடல தனம். சபாபதியக் கேளு."

"சத்தியமா இல்லக்கா" என்றார் சபாபதி. "ஒரு பிஸ்கட்கூட யாரும் தொடல. அது நம்ம மேசை ரூல்ஸ்."

தனம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. கணவரின் கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டீ ஆற்றுகிறவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவருக்கு இது எத்தனாவது கிளாஸ்?"

"மூணுக்கா. அண்ணன் ரெகுலர் லா. எப்பவும் நாலு தே தாரிக், போகும்போது ஒரு மைலோ."

"இதுல என்ன போடறீங்க?"

"சீனி கலந்த டின் பால்தான். அண்ணனுக்கு நுரை நல்லா நிக்கணும், அதனால ஒரு கரண்டி கூடவே போடுவேன்."

தன் கைப்பக்குவத்தை அக்கா பாராட்டப்போகிறார் என்று அவர் காத்து நின்றார். தனம் அவரைப் பார்த்துத் தலையாட்டியதும் போய்விட்டார்.

"டீ எப்படி தனம் சாப்பாடாகும்?" என்றார் ராதாகிருஷ்ணன். நடிப்பு இல்லை. ஐம்பத்தாறு வருடமாக அவர் சாப்பாட்டைச் சாப்பாடு என்றும் டீயை டீ என்றும்தான் நினைத்து வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளி டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால், ஒன்றும் சாப்பிடாமல் போகிறாரே என்று வருத்தப்படுகிற குடும்பம் அது.

தனம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவளிடம் தெம்பும் இல்லை.

"நான் ஒரு நாளைக்குக் குடிக்கறது எழுநூறு மில்லி. பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்கேன், நீங்கதான் மார்க்கர்ல போட்டுக் குடுத்தீங்க. நாக்கு ஒட்டிக்கிட்டா ஐஸ் கட்டி உறிஞ்சறேன். இங்க வந்தா என்னையத் தராசுல ஏத்தி, ஆன்டி நேத்து ஒரு கிளாஸ் கூடக் குடிச்சிட்டீங்களான்னு அந்த நர்ஸ் கேக்கறா. எனக்கு ஒரு கிளாஸ் பச்சத் தண்ணி தராசுல தெரியுது. உங்களுக்கு நாலு கிளாஸ் பாலும் சீனியும் பட்டினியா?"

சபாபதி தன் கிளாஸை மெல்ல எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். பாலன் மட்டும், ஒரே ஒரு கறிபாப்புக்காகத் தான் பட்ட அவமானத்தை நினைத்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் சாய்ந்தபடி தனம் கேட்டாள்.

"பயமா இருந்தா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்கென்ன பயம்? டீ விஷயம் தெரியல, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டாள். ராதாகிருஷ்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கழுத்துக் குழாயின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ விஷயம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தொண்ணூற்றொன்று புள்ளி நாலு என்று தராசு காட்டிய அன்று, முகத்தில் ஏமாற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் அவர் என்ன உணர்ந்தார் என்பது அவருக்குத் தெரியும். நிம்மதி. இன்னும் ஒரு மாதம் யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள் என்கிற நிம்மதி. இத்தனை வயது வரை உடம்பில் ஒரு தையல் போட்டதில்லை. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று ஒரு பயம், வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம், தீபாவளி அன்று அறிவித்துவிட்டு உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே இருந்தது. தன் தொப்பைக்குப் பின்னால் தானே ஒளிந்துகொண்டிருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே நிலானியிடம் போய் உண்மையைக் கொட்டினார். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மையத்தில் நாலும் மைலோவும், சாயங்காலம் ஒன்று. நிலானி எழுதிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுடைய கண்கலங்கல் வீணாய்ப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"ஒரு கிளாஸ் சுமாரா நூத்தியெண்பது கலோரி அங்கிள். அந்த மூணு நாளும் நீங்க பட்டினின்னு எழுதின நேரத்துல மட்டும் ஒரு ஆள் ரெண்டு வேளை சாப்பிடற அளவு உள்ள போயிருக்கு."

"எண்ணெய சுத்தமா நிறுத்திட்டேனே மிஸ். அதுல ஒன்பது, இதுல நாலுதானே?"

"ஒன்பத வாசல்ல நிறுத்திட்டு, நால லோரி லோரியா உள்ள விட்டிருக்கீங்க. உடம்புக்கு எது எங்க இருந்து வந்துச்சுன்னு கவலை இல்ல. செலவு பண்ணதவிட அதிகமா வந்தா எடுத்து வச்சிக்கும். நீங்க தாளிச்சே சாப்பிடுங்க, ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்துங்க. சோத்தக் குறைங்க. டீயக் கடுங்காப்பி மாதிரி பால் சீனி இல்லாம குடிங்க."

பால் சீனி இல்லாத டீயைத் தமிழன் குடிப்பது நோய்க்குத்தான் என்று ராதாகிருஷ்ணன் ஒரு வாதம் வைத்தார். நிலானி பேனாவை எடுத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்குப் போய்த் தானம் கொடுத்த எண்ணெயில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் பலகாரம் சுட்டு முடித்து, பாட்டிலையும் தூக்கிப் போட்டிருந்தார்கள். புதிதாக வாங்கித் தாளித்த முதல் குழம்பில் இரண்டு கரண்டிச் சோற்றோடு அவருக்கு வயிறு நிறைந்தது. இத்தனை மாதம் எண்ணெய் மேல் சுமத்திய பழிக்கு அதனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் முடியவில்லை. காலையில் தனம் எழுவதற்குள் ரயில்நிலையம் வரை நடந்து திரும்பினார். மாமாக் கடையில் நான்கு மணி நேரமும் வெந்நீர். முதல் வாரம் தலைவலியில் சபாபதியோடு இரண்டு முறை சண்டை போட்டார். சபாபதி துணைக்குத் தானும் வெந்நீருக்கு மாறி, எந்த இலட்சியமும் இல்லாமலேயே அவரைவிட வேகமாக இளைத்தார். அந்த மனிதர்மேல் ராதாகிருஷ்ணனுக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு புள்ளி இரண்டு. ஒவ்வொரு முறை தராசு இறங்கும்போதும் தனம் தட்டிக்கொடுத்தாள். அவருக்குள் பயம் ஒரு படி ஏறியது. தட்டில் அளவாய்ச் சோறு போடும் தனம், அவர் முகத்தையும் அதே கவனத்தோடு பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆறாவது மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது தராசு எண்பத்து மூன்று புள்ளி எட்டு காட்டியது. நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு விசாரணை பாக்கி இருந்தது. அறுவை சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு டாக்டர், இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார். தனத்தை முதலில் கூப்பிட்டுப் பேசி அனுப்பினார்கள். பிறகு இவரை.

நரைத்த மீசை வைத்த தமிழர் அவர். கதவைச் சாத்தினார்.

"யாராவது உங்கள வற்புறுத்தறாங்களா சார்?"

"இல்ல டாக்டர்."

"இப்ப வேணாம்னாலும் வேணாம்தான். காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. வெயிட் சரியா வரலைன்னு நாங்களே வெளிய சொல்லிடுவோம். வீட்ல யாரும் உங்களக் குறை சொல்ல முடியாது."

ராதாகிருஷ்ணன் அவரையே பார்த்தார். இத்தனை நாள் தனக்குள் திருட்டுத்தனமாக வைத்திருந்த கதவை, ஒரு படித்த மனிதர் அகலத் திறந்து, போய்க்கொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கை காட்டுகிறார். போகலாம். யாருக்கும் தெரியாது. மேசையில் இருந்த டிஷ்யூவை எடுத்து நெற்றியைத் துடைத்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

வெளியே நடைபாதை நாற்காலியில் தனம் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"வெயிட் பத்தலைன்னுட்டாங்களா? பரவாயில்லங்க. வரிசைல பேர் இருக்குல்ல, பாத்துக்கலாம்."

முகத்தைச் சரியாக வைத்திருந்தாள். வார்த்தைகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். ராதாகிருஷ்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீ உள்ள என்ன சொன்ன?"

தனம் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவருக்குப் பயம், சொல்ல மாட்டாருன்னு சொன்னேன். வெயிட் மேல பழியப் போட்டு விட்ருங்க, அவரு மரியாதை கெடக் கூடாதுன்னு சொன்னேன்."

கழுத்தில் குழாயோடு, ஒரு நாளைக்கு எழுநூறு மில்லியோடு, இவள் போய்த் தனக்காகக் கெஞ்சியிருக்கிறாள். ராதாகிருஷ்ணனுக்கு முதலில் வந்தது கோபம். பையிலிருந்த சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"படி. எண்பத்து மூணு புள்ளி எட்டு. எத்தன மாசம் வெந்நீர் குடிச்சிருக்கேன். பத்தலைன்னு எவன் சொல்றது? பதினெட்டாந்தேதி ரெண்டு பேரும் வார்டுக்கு வரணும்னு உள்ள சொல்லிட்டாங்க. கையெழுத்துப் போட்டாச்சு."

தனம் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பயம் போயிடுச்சா?"

ராதாகிருஷ்ணன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது; பிடித்துக்கொண்டார்.

"அது அப்படியேதான் இருக்கு தனம். வெயிட் மட்டுந்தான் கொறஞ்சிருக்கு."

தனம் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.